கிரேக்கத்தில் இல்லாத சத்திரக்காரர்

காரைக்குடியிலிருந்து மானகிரிக்குப் போகிற சாலையில், புளியமரங்கள் முடிந்து பிளாட்டுக் கற்கள் நட்டிருக்கும் இடத்தில் ஒரு சிறிய கோயில் உண்டு. சந்தியாகப்பர் கோயில் என்பார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் அந்தக் கோயில் உபதேசியார் சந்தியாகுவின் பொறுப்பு. மணியடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித் தருவது, செத்த வீட்டில் செபமாலை சொல்வது எல்லாம் அவர்தான். கோயில் யார் பேரில் இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், சில குசும்பர்கள் வேண்டுமென்றே உபதேசியாரைக் கை காட்டுவார்கள். அவருக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வரும்.

பிழைப்புக்கு அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர். சின்ன வயதில் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர், அப்பா இறந்ததும் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாமியார் ஆகாததில் அவருக்கு வருத்தமில்லை. அமலோற்பவத்தைக் கட்டியதில் சுத்தமாக வருத்தமில்லை. ஒரே ஒரு குறைதான். குருமடத்தில் மேல் வகுப்புக்குப் போனால் கிரேக்கம் சொல்லித் தருவார்கள். நற்செய்தியை முதலில் எழுதிய மொழி. அதைத் தொடுவதற்குள் ஊர் திரும்பிவிட்டோமே என்கிற அந்த ஒரு ஏக்கத்தை மட்டும் அவர் ஐம்பது வயது தாண்டியும் விடவில்லை. மற்றவர்களுக்கு நிலம், நகை, வெளிநாடு என்று ஏக்கம் இருக்கும். இவருக்கு இது.

கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, ஒரு வயதான சாமியார் ஃபோனிலேயே கிரேக்க வகுப்பு நடத்துகிறார் என்று யாரோ சொன்னார்கள். சந்தியாகு அன்றைக்கே சேர்ந்துவிட்டார். எழுத்துகளில் பாதி அவருக்கு ஏற்கெனவே பழக்கம். தீட்டா, லாம்டா, ஒமேகா என்று ஆய்வுக்கூடத்துக் கரும்பலகையில் வருஷக்கணக்காகப் பார்த்த முகங்கள்தான். கோணமாகவும் அலைநீளமாகவும் இருந்தவை திடீரென்று வாய் திறந்து பேசத் தொடங்கின. சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. மனைவி அமலி வந்து ஃபோனைக் கையிலிருந்து பிடுங்கினால்தான் தட்டில் சோறு இருப்பது தெரியும்.

படித்தது வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருத் தெருவாகக் கூடி விவிலியம் வாசிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அன்பியக் கூட்டம் என்று பேர். ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் நல்ல சமாரியர் கதை. வழிப்போக்கன் ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கண்டும் காணாமல் இரண்டு பேர் விலகிப் போகிறார்கள். அந்நிய சாதிக்காரனான சமாரியன் அவனைக் கண்டு பரிவு கொள்கிறான். அந்தப் பரிவுக்குக் கிரேக்கத்தில் என்ன சொல் தெரியுமா என்று கேட்டார் சந்தியாகு. குடலையும் ஈரலையும் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்த சொல் அது, பரிவு மனசில் இல்லை, வயிற்றுக்குள் புரள்கிறது என்று விளக்கினார். கூட்டத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சவரியம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

“அதான வயித்தப் பெசையுதுங்கிறோம். பெத்தவளுக்கு வர்றது. அதுவா அவருக்கும் வந்துச்சு?”

அதுதான் என்றார் சந்தியாகு. ஞாயிறுதோறும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கதை அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. சந்தியாகுவுக்கு வீடு திரும்புகையில் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சொல்லோடு புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த வரியைப் படிக்கவில்லை. படித்திருக்கலாம்.

இனி கருத்தையாவைச் சொல்ல வேண்டும். கருத்தையா மைக்செட் போடுகிறவர். அரியக்குடிப் பெருமாள் கோயில் என்றாலும், பள்ளிவாசல் நிகழ்ச்சி என்றாலும், சந்தியாகப்பர் திருவிழா என்றாலும் குழாய் கட்டுவது அவர்தான். அவர் குடும்பத்துக்குக் குலசாமி அய்யனார். கிறிஸ்தவ வேதத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் வாசலில் பிள்ளைகள் நடிக்கிற நாடகத்தில் ஒரு வருஷம் சத்திரக்காரர் வேஷக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மைக்கைச் சரிபண்ணிக்கொண்டிருந்த கருத்தையாவைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வேஷம் அவருடையது.

பெரிய வேஷமொன்றும் இல்லை. நிறைமாத மரியாளைக் கூட்டிக்கொண்டு சூசையப்பர் வந்து கதவைத் தட்டுவார். சத்திரக்காரர் எட்டிப் பார்த்து இடமில்லை என்று விரட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கருத்தையா அதற்காக மீசையை வளர்ப்பார். சிவப்புத் தலைப்பாகை கட்டுவார். பழம்பொருள் கடைத் தெருவில் தேடிப் பிடித்த, இடித்த பெரிய வீட்டு இரும்புச் சாவி ஒன்று முழ நீளத்தில் அவர் இடுப்பில் தொங்கும். மைக்கே தேவையில்லாத குரல். “எடமில்ல, எடமில்ல. ஊருச் சனம் பூரா இங்கதான் கெடக்கு. வேற எடம் பாருய்யா” என்று சாவியை ஆட்டினால், கீழே உட்கார்ந்திருக்கிற சிறுசுகள் எல்லாம் கூடவே “எடமில்ல, எடமில்ல” என்று கத்தும். மானகிரிப் பக்கத்திலிருந்து நாடகம் பார்க்க வருகிறவர்கள் அந்த ஒரு காட்சிக்காகவே வந்தார்கள்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவர் இன்னொன்று செய்வார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடிலில் கிடக்கிற குழந்தை சொரூபத்தின் முன்னால் போய் நிற்பார். “சாமி, கோவிச்சுக்கிறாதீக. வேசத்துக்குச் சொன்னது. நம்ம வீடா இருந்தா அப்பிடிச் சொல்லுவமா?” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். குடிலுக்குப் போடுகிற வைக்கோலும் அவர் கொண்டுவந்ததுதான். ஆடு மாடு வாய் வைக்காததாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்திருப்பார். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. கருத்தையா வைக்கோல் வந்தால்தான் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அமலி சொல்வாள்.

சந்தியாகுவின் கிரேக்க வகுப்பில் லூக்கா நற்செய்தியை முதலிலிருந்து எடுத்தார்கள். இயேசு பிறந்த கதையில், விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று தமிழில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் ‘கத்தாலுமா’ என்று இருந்தது. வகுப்பெடுத்த சாமியார் விளக்கினார். கத்தாலுமா என்றால் காசு கொடுத்துத் தங்குகிற சத்திரம் இல்லை, வீட்டில் விருந்தாளிக்கென்று இருக்கிற அறை என்று பலர் கருதுகிறார்கள், இயேசு கடைசி விருந்து உண்ட மாடி அறைக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் போடுகிறார் என்றார். சூசையப்பர் போனது சொந்த ஊருக்கு. சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளி அறை நிறைந்திருக்கிறது. இருந்தாலும் அந்த ஏழைச் சனங்கள் பிள்ளைத்தாச்சியை வெளியே விடவில்லை. ராத்திரி ஆடு மாடுகளை உள்ளே கட்டுகிற பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தீவனத் தொட்டி குழந்தைக்குத் தொட்டிலானது. விரட்டிய சத்திரக்காரன் என்று ஒருத்தன் அந்தக் கதையிலேயே இல்லை.

சந்தியாகு ஆடிப்போனார். நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் முகப்பு நிறைந்துவிட்டால் உள்ளே இரண்டாம் கட்டு முற்றத்தில் பாய் விரிக்கிறோம், அங்கேயும் நிறைந்தால் அடுப்படியில் விரிக்கிறோம், வந்தவர்களைப் போ என்றா சொல்கிறோம் என்று அன்பியக் கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அழகான விளக்கம்தான். இத்தனை வருஷமாக ஒரு பொய்யை மேடையேற்றியிருக்கிறோமே என்று அவருக்கு உறுத்தத் தொடங்கியது. நாடகத்தைப் புதிதாக எழுதினார். பங்குச் சாமியாரும் தலையாட்டிவிட்டார். அட்டையில் வீடு வெட்டி, உள்ளே ஆட்டுத் தொட்டி வைத்து, சொந்தக்காரப் பெண்கள் மரியாளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போகிற மாதிரி அமைத்தார். எழுதியதை அமலி வாசித்துப் பார்த்தாள். கருத்தையா அண்ணனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டாள். அவர் மைக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், சத்தியம் என்று ஒன்று இருக்கிறதில்லையா என்றார் சந்தியாகு. சத்தியம் என்று சொன்ன பிறகு அமலி என்ன சொல்ல முடியும். எழுந்து போய்விட்டாள்.

கருத்தையாவிடம் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குச் சந்தியாகுவுக்கு நேரமில்லை, கிரேக்க வினைச்சொற்களின் அட்டவணை பாக்கி இருந்தது. ஒத்திகை நாளன்று கருத்தையா வழக்கம்போல் மீசையை முறுக்கிக்கொண்டு, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் மேடைமேல் நின்றார்கள். சந்தியாகு கையில் காகிதத்தோடு திரும்பிப் பார்த்தார். ஏதோ கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“அண்ணே, இந்த வருசம் நாடகத்துல ஒங்களுக்கு எடமில்ல.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. பின்னால் நின்ற ஒன்றிரண்டு சிறுசுகள் “எடமில்ல, எடமில்ல” என்று பாட்டாகவே எடுத்துவிட்டன. கருத்தையாவும் சிரித்தார். தலையிலிருந்த வைக்கோலை இறக்கி வைத்தார். சந்தியாகு சத்திரக்காரர் ஏன் இல்லை என்று கத்தாலுமாவிலிருந்து ஆரம்பித்து விளக்கத் தொடங்கினார். கருத்தையா பாதியில் கையமர்த்தி, “அட அதுக்கென்ன உபதேசியாரே, படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வயரை எடுத்துக்கொண்டு கம்பத்துப் பக்கம் போய்விட்டார். எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டார் என்று சந்தியாகுவுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் ஏன் சிரித்தன என்பதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

நாடகம் பிழையில்லாமல் நடந்தது. சிரிப்பில்லை. எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். கருத்தையா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் குடிலண்டை வந்தார். மன்னிப்புக் கேட்க அந்த வருஷம் அவருக்கு ஒன்றும் இல்லை. வெறுமனே கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மைக்செட் கட்ட வேறு யாரோ வந்தார்கள். வைக்கோலும் வரவில்லை. கடையில் பச்சைக் காகிதத் துருவல் வாங்கிப் போட்டுக் குடிலை ஒப்பேற்றினார்கள். கருத்தையாவுக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சந்தியாகு சொன்னார். சொன்னதோடு சரி. கோயிலிலிருந்து அவர் வீடு சைக்கிளில் போகிற தூரம்தான்.

அதற்கும் அடுத்த வருஷம், மழைக்காலத்தில், அன்பியக் கூட்டத்துக்கு மறுபடியும் நல்ல சமாரியர் கதை வந்தது. கிரேக்கத்தில் ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று சந்தியாகு சாயங்காலம் உட்கார்ந்தார். வயிற்றைப் பிசைகிற அந்தச் சொல் வந்தது. பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் சந்தோஷப்பட்டு, இந்த முறை அடுத்த வரிக்குப் போனார். சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டி, அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றி, ஒரு சாவடிக்குக் கொண்டுபோகிறான். கிரேக்கத்தில் அங்கே கத்தாலுமா இல்லை. வேறு சொல் இருந்தது. ‘பந்தோகெயோன்’. அவர் சொல்லைப் பிரித்துப் பார்த்தார். எல்லாரையும் ஏற்றுக்கொள்கிற இடம். அதற்கடுத்த வரியில் அந்த இடத்தை நடத்துகிறவர் வருகிறார். எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறவர். சத்திரக்காரர்.

ஆக, சத்திரக்காரர் இருக்கிறார். மாட்டுக்கொட்டிலில் இல்லை, இங்கே இருக்கிறார். யார் எவரென்று கேட்காமல், ரத்தமும் சீழுமாக வந்தவனை உள்ளே எடுத்து, சமாரியன் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்கிற ஆளாக இருக்கிறார். நற்செய்தியில் வருகிற ஒரே சத்திரக்காரர் நல்லவர். சந்தியாகுவின் வயிற்றில் ஏதோ புரண்டது. அந்தப் பழைய வாசிப்பில் அடுத்த வரிக்குப் போயிருந்தால், இந்த வேஷத்தைத் தூக்கிக் கருத்தையாவிடம் கொடுத்திருக்கலாம். தலைப்பாகை, சாவி, குரல் எல்லாம் அப்படியே பொருந்தியிருக்கும். அரைகுறையாகப் படித்துவிட்டு ஒரு மனுஷனை வெட்டிவிட்டோமே என்று அமலியிடம் போய்ச் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு நீங்க அவுகள்ட்டச் சொன்னது அவுக வசனந்தான. அதுக்குத்தான் பிள்ளைக சிரிச்சுச்சுக. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

சந்தியாகுவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த அண்ணன் வருஷா வருஷம் வேஷத்துக்குச் சொல்லிவிட்டு, அதற்கே குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டவர். இவர் வேஷமில்லாமல் சொன்னார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாமலே இரண்டு கிறிஸ்துமஸைக் கழித்துவிட்டார். கதையில் இல்லை என்று வெட்டியெறிந்த, விரட்டுகிற சத்திரக்காரனாக நாமே நின்றிருக்கிறோம் என்று நினைக்கையில் அவருக்கு முகம் சுட்டது. சைக்கிளை எடுத்தார்.

மழை விட்டிருந்தது. செம்மண் பாதை குழைந்து கிடந்ததால் கடைசிக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போகும்போதே பேச்சை மனசுக்குள் கோத்துக்கொண்டார். அண்ணே, நாந்தான் தப்பாப் படிச்சிட்டேன், இந்த வருசம் சமாரியர் நாடகம் போடுவம், நீங்கதான் சத்திரக்காரர் என்று தொடங்குவதாக இருந்தது. வாசலில் கருத்தையாவின் மனைவி பொன்னுத்தாயி வெந்நீர் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஒரு பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. உபதேசியாரைப் பார்த்ததும் அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபமோ ஆச்சரியமோ அவள் முகத்தில் இல்லை. அதுவே சந்தியாகுவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவள்தான் எல்லாம் சொன்னாள். போன வருஷம் பக்கவாதம் வந்து கருத்தையாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மாப்பிள்ளை வீட்டுச் சனமும் வந்து தங்கியிருக்கிறது. இருப்பதே ஒரு அறை. பச்சை உடம்புக்காரிக்கு ஈரக்காற்று ஆகாது.

“அவுகளே கையக் காட்டி, தன்னைய அங்குட்டுத் தூக்கிப் போடச் சொல்லிட்டாக. வாங்க, பின்னாடிதான் இருக்காக.”

வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் ஆட்டுக்கொட்டகை. தார்ப்பாய் கட்டி மழையை மறைத்திருந்தார்கள். ஆடுகளை ஒரு ஓரமாக ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். சிமெண்டுத் தொட்டியில் அகத்திக்கீரைக் காம்பு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கருத்தையா படுத்திருந்தார். மீசை நரைத்துத் தொங்கியது. சுவரில் அந்த இரும்புச் சாவி ஆணியில் மாட்டியிருந்தது. சந்தியாகு இந்த வீட்டை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அட்டையில் வெட்டி, வர்ணம் பூசி, மேடையில் நிறுத்தியவரே அவர்தான். நிறைந்த அறை, ஒதுக்கிய ஆடு, தீவனத் தொட்டி எல்லாம் அப்போது அவர் சரியாகத்தான் வைத்திருந்தார்.

கோத்து வைத்த பேச்செல்லாம் போய்விட்டது. சமாரியர் நாடகத்தைப் பற்றி இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அந்தக் குரல் இருந்த தொண்டையில் இப்போது ஒரு கரகரப்பு மட்டும் ஏறி இறங்கியது. கருத்தையா இவரை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. சந்தியாகு கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். பொன்னுத்தாயி நாற்காலி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். வாஸ்தவமாக அந்த வீட்டில் அப்போது காலியான நாற்காலி ஒன்றும் இருந்திருக்காது. அவள் போனதும் சந்தியாகுவுக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

“அண்ணே, அன்னைக்கு ஒங்கள எடமில்லன்னு சொன்னேன்ல. நீங்க என்னைய ஒரு தடவ அப்பிடிச் சொல்லி வெரட்டி விட்ருங்க. பேச முடியாட்டி கையாலயாவது போன்னு காட்டுங்க. நான் போயிர்றேன்.”

கருத்தையா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கை மெதுவாக மேலே எழுந்தது. போகச் சொல்லத்தான் எழுகிறது என்று சந்தியாகு நினைத்தார், அப்படி இருந்தால் பாதிப் பாரமாவது இறங்கும் என்றும் நினைத்தார். அந்தக் கை போர்வையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. விளங்காத காலை, நல்ல காலால் உந்தி உந்திச் சுவரோரம் தள்ளினார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒடுங்கிப் படுத்துக்கொண்டு, கட்டிலில் காலியான இடத்தைக் கையால் இரண்டு தரம் தட்டிக் காண்பித்தார்.

சந்தியாகு போய் உட்கார்ந்தார்.